எழுதாத கடிதத்துக்கு வந்த நன்றி

அந்த மெத்தைக் கம்பெனியில் அவளை எல்லோரும் லெட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த வாட்ச்மேன்கூட கேட்டைத் திறந்துவிட்டு “வாங்கக்கா” என்பார். உறவுமுறை போய் அது பதவிப் பெயராகிவிட்டிருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்துமூன்றில் டைப் அடிக்க வந்தவள். அப்போது அந்த அறைக்கு வெளியே ‘பணியாளர் பிரிவு’ என்று பலகை இருந்தது. பிறகு அதை ‘மனிதவளம்’ என்று மாற்றினார்கள். இப்போது கண்ணாடிக் கதவில் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. பலகை ரெண்டு தடவை மாறியும் உள்ளே இருந்த இரும்பு பீரோ மாறவில்லை. அதன் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த அட்டையைத்தான் அவ்வப்போது மாற்றுவார்கள்.

கடிதம் எழுதுகிற வேலையை அவள் தேடிப் போகவில்லை. வருஷா வருஷம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மதிப்பீட்டுத் தாள் என்று ஒன்று போகும். ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், அதில் ஒன்றைச் சுற்றி வட்டம், கீழே கையெழுத்து. பழைய மேனேஜர் ஒரு நாள் அந்தக் கட்டு முழுவதையும் அவள் தலையில் கட்டினார். “நம்பர் மட்டும் போனா மொட்டையா இருக்கும்மா. கீழ ரெண்டு வரி எழுதி விட்டுடு” என்றார்.

ரெண்டு வரி எழுத வேண்டுமென்றால் ஆளைத் தெரிய வேண்டுமே. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நுரைப் பாளங்களை வெட்டுகிற இடம், துணியையும் பஞ்சையும் சேர்த்துத் தைக்கிற பெரிய மிஷின்கள், ஓரத்துக்கு நாடா வைத்து மூடுகிற பெண்கள், கடைசியில் பேக்கிங். ஒவ்வொருவர் பக்கத்திலும் பத்து நிமிஷம் நிற்பாள். இரைச்சலில் பாதி காதில் விழாது. விழுந்த பாதியை எழுதிக்கொள்வாள். ரெண்டு வரி அரைப் பக்கமானது, அரைப் பக்கம் ரெண்டு பக்கமானது. இந்த வருஷம் என்ன நன்றாகச் செய்தீர்கள், எது கைவரவில்லை, அடுத்து என்ன கற்றுக்கொள்ளலாம், அதற்குக் கம்பெனி எந்தப் பயிற்சிக்கு அனுப்பும். குறை சொல்ல வேண்டிய இடம் வந்தால் ‘ஒன்று சொல்லட்டுமா’ என்று ஆரம்பிப்பாள். டீ இடைவேளையில் ஆட்கள் அதை வைத்துக் கிண்டலடிப்பார்கள். “ஒன்று சொல்லட்டுமா, உன் டீ ஆறிப்போச்சு.” அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரிப்பாள்.

கிண்டல் ஒரு பக்கம். கடிதத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. நாடா வைக்கிற பெண்களில் நான்கு பேர் அவள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மிஷின் பழுதுபார்க்கிற பயிற்சிக்குப் போனார்கள். அதுவரை அந்தப் பயிற்சி அறையில் பெண்களுக்கு நாற்காலியே போட்டதில்லை.

எல்லாக் கடிதமும் சரியாக அமைந்தது என்று சொல்ல முடியாது. வெட்டுப் பிரிவில் ஒருவனுக்கு ‘உங்களுக்குப் பொறுமை போதாது’ என்று எழுதினாள். மேற்பார்வையாளர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தவன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அடுத்த மாதம் வேலையையே விட்டுவிட்டான். அவனுக்கு ஒரு காது கேட்காது என்பதும், கேட்காத பக்கம் நின்று யாராவது பேசினால்தான் எரிந்து விழுவான் என்பதும் அவன் போன பிறகுதான் தெரியவந்தது. அவள் அவன் வீட்டைத் தேடிப் போனாள். வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. அறுநூற்று நாற்பது பேர். ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

பிறகு புது மேனேஜர் வந்தார். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். யாரையும் அதட்டத் தெரியாதவர். எதையும் “பாத்துக்கலாம் மேடம்” என்று தொடங்கி, “பாத்துக்கலாம் மேடம்” என்றே முடிப்பார். வந்த மூன்றாம் மாதம் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“உங்க லெட்டர் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கா மேடம்?”

“இருக்கு சார். பதினோரு வருஷத்துதும்.”

“எல்லாமே எனக்கு வேணும். எழுதுற ஏ.ஐ. ஒண்ணு வாங்கியிருக்கோம். ஆட்களோட வருகை, உற்பத்திக் கணக்கு, போன பயிற்சி எல்லாம் அதுக்குத் தெரியும். எப்படி எழுதணும்கிறதுதான் தெரியாது. உங்ககிட்டதான் கத்துக்கணும்.”

அவளுக்கு அது பாராட்டு மாதிரித்தான் இருந்தது. ரெண்டு நாள் உட்கார்ந்து ஏழாயிரத்துச் சொச்சம் கடிதங்களையும் தேடி எடுத்து, ஒன்று விடாமல் ஏற்றிக் கொடுத்தாள். வெட்டுக்காரனுக்கு எழுதியதும் அதில் போயிற்று.

பத்து நாள் கழித்து மேனேஜர் ஒரு கடிதத்தை அச்செடுத்து அவள் மேஜையில் வைத்தார். நாடாப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு எழுதியது. அவள் படித்தாள். நல்ல கடிதம். நடுவில் ‘ஒன்று சொல்லட்டுமா’ என்று வந்தது. அந்தப் பெண்ணின் இடதுகைப் பழக்கத்துக்கு ஏற்றபடி மேஜையை மாற்றிப் போடச் சொல்லியிருந்தது. முடிவில் அவள் வழக்கமாக எழுதுகிற மாதிரியே, ‘அடுத்த வருஷம் இதே நேரம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்கக் காத்திருக்கிறேன்’.

“இது எந்த வருஷம் எழுதினது சார்?” என்றாள்.

“நீங்க எழுதல மேடம். அது எழுதினது.”

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“நல்லா இருக்கு சார்” என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

அந்த வருஷம் அறுநூற்று நாற்பது கடிதங்களும் ஒரே பிற்பகலில் தயாராயின. அனுப்புவதற்கு முன் அவள் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து ‘சரி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். கீழே அவள் பெயர் இருக்கும். அவளுடைய வேலை இனிமேல் அதுதான். அறையில் ஐந்து பேராக இருந்தவர்கள் மூன்று பேரானார்கள்; ரெண்டு பேரை அனுப்புதல் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனபோது மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பேனா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் மாடிப்படிவரை போனாள். அங்கே அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

முதல் நூறு கடிதங்களை வார்த்தை வார்த்தையாகப் படித்தாள். ரெண்டு இடத்தில் திருத்தினாள். அடுத்த நூற்றில் ஒன்றுகூடத் திருத்தவில்லை. முந்நூறாவது வந்தபோது முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்தாள். அதற்கப்புறம் பெயரைப் பார்த்தாள், அழுத்தினாள். பெயரைப் பார்த்தாள், அழுத்தினாள். எல்லாமே நன்றாக இருந்தன. நன்றாக இருப்பதை எத்தனைதான் படிப்பது.

கம்பெனி ஒவ்வொருவர் போனிலும் அந்த ஏ.ஐ.யோடு பேசுகிற மாதிரி ஏற்பாடு செய்தது. கடிதத்தில் புரியாததைக் கேட்கலாம், பாடம் படிக்கலாம். அதுவும் அவள் நடையிலேயே பதில் சொன்னது. ஆட்கள் அதற்கு ‘சின்னக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “சின்னக்காகிட்ட கேளு.” “சின்னக்கா என்ன சொல்லுது?” முப்பது வருஷமாக யாரிடமும் வாய் திறக்காதவர்கள் அதனிடம் கேட்டார்கள். நாடாப் பிரிவில் ஒரு பெண்ணுக்குச் சதவீதக் கணக்கு வரவே வராது. அதைக் கேட்க வெட்கப்பட்டே தேர்வுக்குப் போகாமல் இருந்தவள். சின்னக்கா அவளுக்கு நாடாவை வைத்தே கணக்குச் சொல்லிக்கொடுத்தது. நூறு அடி நாடாவில் எட்டடி வீணானால் என்ன, அறுபது அடியில் மூன்றடி வீணானால் என்ன. அந்தப் பெண் தேர்வில் பாஸ் பண்ணினாள். லெட்டர் அக்காவிடம் வந்து “உங்க தங்கச்சிக்குக் கோயில் கட்டலாம்க்கா” என்றாள். அக்கா சிரித்தாள். முகம் சிரித்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

வீட்டில் அவள் கணவர் பல் செட் செய்கிறவர். முன்னறையில் ஒரு மேஜை, சாந்து குழைக்கிற கிண்ணம், மெருகேற்றுகிற சின்ன மோட்டார். “இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் கையாலதான்” என்று யார் வந்தாலும் சொல்வார். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது பிடித்திருந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கேட்டதில் இப்போது காதிலேயே ஏறுவதில்லை. விடுமுறை நாள் காலையில் அவர் வேலை பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்ன, ஒரு மாதிரியா இருக்கே?”

“ஒண்ணும் இல்லங்க.”

“வேலையில ஏதாவது பிரச்சினையா?”

“வேலையே இல்ல. பிரச்சினை எங்கேருந்து வரும்?”

அவர் மோட்டாரை நிறுத்தினார். “சம்பளம் குறைச்சுட்டாங்களா?”

“அதெல்லாம் இல்ல. எல்லாம் நல்லாத்தான் நடக்குது. முன்னவிட நல்லா நடக்குது.”

“அப்புறம் என்ன?”

அவள் சாந்துக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அவர் கையிலிருந்த கீழ்த்தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்பல்லாம் வாயைக் கேமராவுல அளந்து அனுப்பிடறாங்க. யாரு வாய்னுகூடத் தெரியாது. அளவு மட்டும் அச்சா பொருந்துது. நான் கவலைப்படறேனா?”

“நீங்க கவலைப்படலையா?”

அவர் மோட்டாரைப் போட்டார்.

கடிதங்கள் போய் ஐந்தாறு வாரம் இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்தபோது அவள் அறை வாசலில் நெட்டையண்ணன் நின்றார். தையல் மிஷின்காரர். பத்தொன்பது வருஷமாக ஒரே மிஷின். உயரத்துக்கு வைத்த பெயர். மிஷினுக்குள் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோய் இப்போது மற்றவர்கள் உயரம்தான், பெயர் மட்டும் நெட்டையாகவே நின்றுவிட்டது. அவளைவிட மூன்று வயது பெரியவர்.

“உள்ள வரலாமாக்கா?”

“வாங்கண்ணே. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. போனில் வந்த கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார், அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்து மடித்து மடிப்புகள் வெளுத்துப் போயிருந்தன. “நன்றி சொல்லணும்னு வந்தேன். அப்பவே வந்திருக்கணும். ஆளுங்க பாத்தா என்ன ஏதுன்னு கேப்பாங்கன்னு தள்ளிப் போட்டேன்.”

“எதுக்குண்ணே நன்றி?”

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் கையை நீங்க பாத்துட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. பாத்தும் காட்டிக்கொடுக்காம, அலுப்புன்னு எழுதி வேற இடத்துக்கு மாத்திவிட்டீங்களே. அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்?”

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். முதல் தடவையாக. ‘நூல் அறுந்தால் மறுபடி கோத்து ஓட்ட முன்பு ரெண்டு நிமிஷம் எடுத்த நீங்கள் இப்போது ஏழு நிமிஷம் எடுக்கிறீர்கள். ஒன்று சொல்லட்டுமா, பத்தொன்பது வருஷம் ஒரே மிஷின் முன்னால் நின்ற எவருக்கும் அலுப்பு வரும். அது குற்றமில்லை. மெத்தையைச் சுருட்டுகிற பிரிவில் புது மிஷின் வந்திருக்கிறது. ஆறு வாரப் பயிற்சி. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் பழைய சுறுசுறுப்பு திரும்பும்.’

கீழே அவள் பெயர்.

“கைக்கு என்னண்ணே?” என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். “ரெண்டு வருஷமா உணர்ச்சி கம்மி. இப்ப சுத்தமா இல்ல. ஊசிக் கண்ணு விரலுக்குத் தெரிய மாட்டேங்குது. போன மாசம் வீட்டுல அடுப்புல விரல் பட்டிருக்கு, எனக்குத் தெரியல. தோல் கருகுற வாசம் வந்த பிறகுதான் பாத்தேன்.”

வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இது?”

“இது எப்பன்னு தெரியல. நேத்து பாத்தேன், இருந்துச்சு.”

சுருட்டுப் பிரிவு மிஷின் எப்படி வேலை செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். மெத்தையை அமுக்கித் தட்டையாக்கி, பிளாஸ்டிக்கில் மூடி, உருளையில் சுருட்டும். சுருட்ட ஆரம்பிக்கிற நொடியில் பிளாஸ்டிக் ஓரத்தை ஆள் விரலால் உள்ளே தள்ளிவிட வேண்டும். தடுப்புக் கம்பி உண்டு. வேலை வேகமாக ஓட வேண்டுமென்றால் அதை எல்லோரும் தூக்கி விட்டுவிடுவார்கள். மேற்பார்வையாளரும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். விரலில் இழுப்பு தெரிந்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். இழுப்பு தெரிந்தால்தான் கையை எடுக்க முடியும்.

“எத்தனை நாளா அங்க நிக்கறீங்க?”

“அஞ்சாவது வாரம். அடுத்த வாரத்துலேர்ந்து தனியா ஓட்டச் சொல்லியிருக்காங்க.”

அவள் கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். பதற்றமே இல்லை. அது அவளுக்கே அந்த நேரத்தில் விசித்திரமாகப் பட்டது.

“அண்ணே, இதை நான் எழுதல.”

அவர் சிரித்தார். “பேர் இருக்கே.”

“பேர் மட்டும்தான் என்னோடது. சின்னக்கா எழுதினது. நான் படிக்கக்கூட இல்ல. சரின்னு அழுத்திட்டேன். உங்க கையை நான் பாக்கல.”

வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“அப்போ யாரு பாத்தா?”

“யாரும் பாக்கலண்ணே.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதத்தை எடுத்து மடிக்கப் பார்த்தார். தாளின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாமல் ரெண்டு தடவை நழுவியது. அவள் உதவிக்குக் கை நீட்டினாள். அவர் தாளை இழுத்துக்கொண்டார்.

“சரி. நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல. அப்படியே விட்ருங்கக்கா. எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு.”

“அந்த மிஷின்ல நீங்க நிக்கக் கூடாதுண்ணே. நான் சொல்லித்தான் ஆகணும்.”

“நான் இந்த லெட்டரை எழுதின அக்காகிட்டதான் என் கையைப் பத்திச் சொன்னேன். அது நீங்க இல்லன்னா, இதை வெளியில சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.”

அவர் சொன்னது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. ஆனாலும் எழுந்தாள். அவரைத் தாண்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். போகும்போது அவர் “அக்கா” என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை.

அரை மணி நேரத்தில் அவரை மிஷினிலிருந்து விலக்கினார்கள். மறுநாள் டாக்டர் பார்த்தார். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட சர்க்கரை, நரம்பு செத்துப்போயிருந்தது. வைத்தியம் பார்த்தால் மேலே பரவாமல் நிறுத்தலாம், போனது போனதுதான் என்றார். மூன்று மாத விடுப்பு கொடுத்தார்கள். பிறகு வெட்டுத் துண்டு நுரைகளை எடை போடுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். எடை காட்டுகிற எண்ணைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. பத்து விரலும் பத்திரமாக இருந்தன. எடைமேடை கேட்டுக்குப் போகிற வழியில்தான். தினமும் ரெண்டு தடவை அவள் அவரைக் கடந்து போவாள். அவர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணில் ஒன்றும் இல்லாதபோதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மேனேஜர் அவள்மேல் பழி போடவில்லை. அதுவே அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

“அறுநூத்து நாப்பதுல ஒண்ணு மேடம். நீங்களே எழுதின காலத்துல தப்பே நடக்கலையா?”

“நடந்தது சார்” என்றாள். காது கேட்காத வெட்டுக்காரனைப் பற்றிச் சொன்னாள்.

“அதான் பாருங்க. மனுஷன் எழுதினாலும் நடக்கும். இதுல என்ன வசதின்னா, ஒரு தப்பைத் திருத்தினா எல்லா லெட்டர்லயும் திருந்திடும்.”

அவர் பேச்சில் பிழை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார்கள்: ‘வேலையைப் பாதிக்கும் உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா?’ அறுநூற்று முப்பத்தெட்டுப் பேர் இல்லை என்று குறித்தார்கள்.

அவள் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நெட்டையண்ணன் ரெண்டு வருஷம் மறைத்தது இந்தக் கேள்வி இல்லாததால் இல்லை. சம்பளம் கொடுக்கிற இடத்தில் இந்தக் கேள்விக்கு யார் ஆமாம் என்று எழுதுவார்கள்? சின்னக்காவிடமும் அவர் சொல்லவில்லை. சின்னக்காவிடம் சொல்வதெல்லாம் எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும். முன்பானால் அவள் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். வாங்குகிறவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவார். பார்த்திருப்பாளா என்றால், அதுவும் நிச்சயமில்லை. வெட்டுக்காரன் காதைப் பார்க்கவில்லையே. ஆனால் பக்கத்தில் நின்றிருப்பாள்.

மேனேஜரிடம் போனாள். “எழுதறது அதுவே எழுதட்டும் சார். கொடுக்கிறதை நான் கொடுக்கறேன். போன்ல அனுப்ப வேணாம். அச்செடுத்து நேர்ல.”

“பத்து நிமிஷம் வெச்சாலும் ஆறாயிரத்து நானூறு நிமிஷம் மேடம்” என்றார் அவர். கணக்கை மனசிலேயே போட்டிருந்தார். “மிஷின் நிக்கும். மேற்பார்வையாளர்கள் ஒத்துக்க மாட்டாங்க.”

“நிறுத்த வேணாம். ஓடிக்கிட்டே இருக்கட்டும். நான் பக்கத்துல நிக்கறேன்.”

அவர் யோசித்தார். கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார். “பாத்துக்கலாம் மேடம்” என்றார்.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. ரெண்டு வருஷமாகிவிட்டது. காலையில் ஆறு கடிதங்களை அச்செடுத்துக்கொள்வாள். ஆறையும் முழுவதும் படிப்பாள். படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. தன் எழுத்தாகவும் தோன்றாது, பிறர் எழுத்தாகவும் தோன்றாது. பிறகு கீழே இறங்குவாள். சில பேருக்கு அவள் வருவது தொந்தரவு. “போன்லயே அனுப்பிடலாமேக்கா, எதுக்கு வீணா அலையறீங்க?” என்பார்கள். சில பேர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். பத்து நிமிஷமும் அவள் சும்மா நிற்பாள். எப்போதாவது ஒருவர் எதையாவது சொல்வார். மிஷின் கீழே எண்ணெய் கசிகிறது, வழுக்குகிறது. மருமகள் வந்ததிலிருந்து தூக்கமில்லை. ஸ்டூல் உயரம் போதவில்லை. அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். அதில் சிலது சரியாகும், சிலது ஆகாது.

பழைய ஆளாகத் திரும்பிவிடுவோம் என்று ஆரம்பத்தில் ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது. கீழே இறங்கி இரைச்சலுக்குள் நின்றால் உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்தாள். அசையவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இறங்கி வீட்டுக்கு நடப்பது போல இதையும் செய்கிறாள். மகள் வெளியூரிலிருந்து போன் பண்ணி, “பிடிக்கலன்னா விட்டுடும்மா, அப்பா சம்பாதிக்கறார் இல்ல” என்றபோது, “பிடிக்கலன்னு யார் சொன்னா?” என்று கேட்டாள். மகள் பேச்சை மாற்றினாள்.

போன வாரம் பேக்கிங் பிரிவில் ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். லெட்டர் அக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவள். தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

“இது நீங்க எழுதினதாக்கா?”

“இல்லம்மா.”

“அப்போ நீங்க எதுக்கு வந்தீங்க?”

“கொடுக்கத்தான்.”

அந்தப் பெண் தலையாட்டினாள். கடிதத்தை மேஜைக்கு அடியில் சொருகினாள். அட்டைப்பெட்டியை மடக்கி ஒட்ட ஆரம்பித்தாள். ஏழெட்டுப் பெட்டி போனது. பிறகு, தலை நிமிராமல், இடது பக்கம் இருந்த பெட்டிக் கட்டைக் காலால் தள்ளிவிட்டு, “அங்க காத்து வராதுக்கா, இப்படி வந்து நில்லுங்க” என்றாள்.

அவள் நகர்ந்து நின்றாள். இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது.